கூடி வாழ ஒரு சந்தை. கூறு போட ஓர் ஒப்பந்தம்!

வாணிப ஒப்பந்தம் என்ற தலைப்பைக் கண்டதும், "இது பொருளாதாரப் பண்டிதர்கள் படிக்க வேண்டியது; நமக்கு உரியதன்று" என்று பக்கத்தைப் புரட்டிவிடும் பழக்கம் நம் தோழர்களிற் பலருக்கு உண்டு. தீர்வை விகிதம், அட்டவணை, பின்னிணைப்பு, விதிவிலக்கு! இச்சொற்கள் அயர்வு தருவன என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் அந்த அயர்வின் மறைவிலேதான், ஒரு நாட்டின் உழவனுக்கு விலை கிடைக்குமா, ஆலைத் தொழிலாளிக்கு வேலை நிலைக்குமா, நோயாளிக்கு மருந்து எட்டுமா என்பவை முடிவு செய்யப்படுகின்றன. சட்டமன்றத்தில் ஒரு காசு வரி உயர்ந்தால் ஊரெல்லாம் பேசுகிறோம். அயல்நாட்டு நகரொன்றின் மாளிகையில், கால் நூற்றாண்டுக் காலத்திற்கு ஒரு நாட்டின் கையைக் கட்டிப்போடும் கையெழுத்து விழும்போது, செய்தித்தாளின் மூலையில் நான்கு வரி படித்துவிட்டு அமைகிறோம். இது தகுமா?

இந்த ஞாயிறு, தோழர்களைக் கிழக்கு ஆப்பிரிக்காவிற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கென்யா, தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி ஆகிய ஐந்து நாடுகள் ஒரே சந்தையாகக் கூடி வாழ முயன்ற வரலாறும், அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த வரலாறும் வளரும் நாடுகள் அனைத்தும் கற்க வேண்டிய பாடம். நான் எடுத்துக்காட்ட விரும்புவது ஒன்றே. எளிய நாடுகள் தமக்குள் கூடி எழுதும் வட்டார ஒப்பந்தம் அவற்றுக்குக் கேடயம். வலிய நாடு ஒன்று அவற்றைத் தனித்தனியே அழைத்து எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமோ அவற்றைப் பிளக்கும் ஆப்பு. இரண்டிற்கும் பெயர் ஒன்று, பயன் வேறு.

எல்லோர்க்கும் ஒரே விதி

கிழக்கு ஆப்பிரிக்காவிற்குள் நுழையுமுன் உலக விதியைச் சற்றே காண்போம். 1947 அக்டோபர் 30 ஆம் நாள் ஜெனீவா நகரில் 23 நாடுகள் 'காட்' ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அவற்றுள் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகியவையும் இருந்தன. அதன் முதல் விதி எளியது: ஒரு நாட்டிற்கு நீ அளிக்கும் தீர்வைச் சலுகையை உறுப்பு நாடுகள் அனைத்திற்கும் அளிக்க வேண்டும். இந்த விதியால் எளியவனுக்கு வந்த நன்மை சிறிதன்று. அமெரிக்காவும் பிரிட்டனும் பேரம் பேசிக் குறைத்துக்கொண்ட தீர்வை, பேரம் பேச வலுவில்லாத சிறு நாட்டிற்கும் தானே கிட்டியது.

ஆனால் அதே ஒப்பந்தத்தின் 24 ஆவது விதி ஒரு வாசலைத் திறந்து வைத்தது. இரண்டு அல்லது பல நாடுகள் தமக்குள் தீர்வையற்ற வட்டாரத்தை அமைத்துக்கொள்ளலாம். அப்போது அச்சலுகையைப் பிறருக்கு அளிக்க வேண்டியதில்லை. முதன்மையான நிபந்தனை: தங்களுக்கிடையேயான வாணிபத்தில் கிட்டத்தட்ட முழுமைக்கும் தீர்வையை நீக்க வேண்டும். விதிவிலக்காகத் தொடங்கிய இந்த வாசல், இன்று விதியை விடப் பெரிதாகி நிற்கிறது. உலகில் நடைமுறையில் உள்ள வட்டார, இருநாட்டு வாணிப ஒப்பந்தங்கள் 350-க்கும் மேல்!

'காட்' மட்டும் பிறக்க வேண்டும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. வேலைவாய்ப்பு, பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சி, விளைபொருள் விலை நிலைப்பு, தனியுரிமை நிறுவனங்களின் கூட்டுச் சதிக்குக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய பெரும் சாசனம் ஒன்று ஹவானா நகரில் உருவாயிற்று. 1948 மார்ச்சில் 53 நாடுகள் அதில் ஒப்பமிட்டன. அமெரிக்கக் காங்கிரசு அதனை ஏற்கவில்லை. 1950 இறுதியில் அமெரிக்க அரசே அதைக் கைவிட்டது. வணிகனுக்கு வேண்டிய பாதி பிழைத்தது. உழவனுக்கும் தொழிலாளிக்கும் வேண்டிய பாதி புதைக்கப்பட்டது.

பிழைத்த பாதியேனும் நேர்மையாக நடந்ததா? 1955 இல் அமெரிக்கா தன் வேளாண்மைக்கு விலக்குப் பெற்றுக்கொண்டது. ஏழை நாடுகள் பருத்தித் துணி நெய்து விற்கத் தொடங்கியதும், 1961 இல் துணிக்கு மட்டும் தனி வரம்பு வந்தது. 1974 இல் அது பல்லிழை ஒப்பந்தமாக விரிந்தது. 2005 சனவரி முதல் நாள் வரை பணக்கார நாடுகளின் வாயிலில் அந்த வரம்பு காவல் நின்றது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, துணி விற்கும் ஏழைக்கு ஒரு சட்டம், எந்திரம் விற்கும் செல்வனுக்கு ஒரு சட்டம்!

இதைக் கண்டு வெகுண்ட நாடுகள் 1964 இல் ஜெனீவாவில் கூடின. அர்ஜென்டினாவின் பொருளியல் அறிஞர் ரவுல் பிரெபிஷ் முன்னின்று நடத்திய அந்த ஐ.நா. வாணிப வளர்ச்சி மாநாட்டின் முடிவில், 77 நாடுகள் ஓரணியாயின. நான்கு ஆண்டுகளில் புதுடில்லியில் இரண்டாம் மாநாடு. அங்கே எழுந்த கோரிக்கைகளின் பயனாக, 1979 இல் 'காட்' இரண்டு உரிமைகளைச் சட்டமாக ஏற்றது. ஒன்று, செல்வ நாடுகள் கைம்மாறு கேளாது வளரும் நாடுகளுக்குத் தீர்வைச் சலுகை தரலாம். மற்றொன்று, வளரும் நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வட்டார ஒப்பந்தங்களுக்கு 24 ஆவது விதியின் கடுமை பொருந்தாது. தம் தொழிலுக்கும் உழவுக்கும் ஏற்ற அளவில், ஏற்ற வேகத்தில் திறந்துகொள்ளலாம்.

இதைத் தோழர்கள் நன்கு நினைவில் இருத்த வேண்டும். எளியோர் தமக்குள் கூடுவது வேறு. வலியவரோடு எளியவர் தனித்துக் கூடுவது வேறு என்பதை உலகச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வேறுபாட்டை அழிப்பதே பின்னாளில் எழுந்த ஒப்பந்தங்களின் வேலையாயிற்று.

சலுகை, கடமையான கதை

1975 இல் டோகோ நாட்டின் லோமே நகரில், ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் 46-உடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்நாடுகளின் பொருள்களிற் பெரும்பாலானவை ஐரோப்பாவிற்குத் தீர்வையின்றிப் போகலாம். ஐரோப்பியப் பொருளுக்கு அவை கதவு திறக்க வேண்டியதில்லை. நூறு ஆண்டு சுரண்டியவர் செய்த சிறு பரிகாரம் என்று கொள்க.

ஆனால் அது பெரும்பாலும் பழைய குடியேற்ற நாடுகளுக்கு மட்டும் தந்த சலுகை. "எங்கள் வாழைப்பழத்திற்கு ஏன் இல்லை?" என்று ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகிய நாடுகள் கேட்டன. வாழைத் தோட்டமற்ற அமெரிக்காவும், பழம் விற்கும் தன் நிறுவனங்களுக்காக அவற்றோடு சேர்ந்துகொண்டது. 1997 இல் உலக வர்த்தக அமைப்பு ஐரோப்பாவிற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏழைகளிடையே பாகுபாடு காட்டியது சட்டப்படி தவறுதான். அதைத் திருத்த நேரான வழி ஒன்று இருந்தது: எல்லா வளரும் நாடுகளுக்கும் அதே சலுகையைத் தருவது. ஐரோப்பா அவ்வழியே போகவில்லை. 2000 ஆம் ஆண்டில் கோட்டனு நகரில் எழுதிய உடன்படிக்கையில், 2007 இறுதிக்குள் ஒருவழிச் சலுகையை இருவழிக் கடமையாக மாற்ற வழிவகுத்தது. இனி ஆப்பிரிக்கப் பொருளுக்கு ஐரோப்பியக் கதவு திறந்திருக்க வேண்டுமெனில், ஐரோப்பியப் பொருளுக்கு ஆப்பிரிக்கக் கதவும் திறந்தாக வேண்டும். அதன் பெயர்: பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம்!

இதனிடையே 2001 இல் இன்னொரு அறிவிப்பு வந்தது. ஐ.நா. பட்டியலில் உள்ள மிகப் பின்தங்கிய நாடுகள், போர்க்கருவி தவிர அனைத்துப் பொருளையும் தீர்வையின்றி ஐரோப்பாவில் விற்கலாம், கைம்மாறு வேண்டா. கேட்பதற்கு இனிய செய்தி. ஆனால் அடுத்தடுத்த வீட்டாருள் ஒருவனுக்கு இலவசம், ஒருவனுக்கு விலை என்று அறிவித்தால், அந்தத் தெருவின் ஒற்றுமை என்னாகும்? கிழக்கு ஆப்பிரிக்கா அதற்கு விடை சொல்லிற்று.

ஐவரும் ஒருவரும்

கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் கூடி வாழ முயன்றது முதன்முறை அன்று. 1967 இல் கென்யாவும் தான்சானியாவும் உகாண்டாவும் அமைத்த கூட்டமைப்பு, 1977 இல் உட்பகையால் சிதைந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1999 நவம்பரில், அருஷா நகரில் மீண்டும் உடன்படிக்கை எழுதினர். 2005 இல் சுங்க ஒன்றியம் பிறந்தது: தமக்குள் தீர்வையைக் களைந்து, அயலார் பொருளுக்கு மட்டும் பொதுவான வெளித்தீர்வை விதித்தனர். மூலப்பொருளுக்குத் தீர்வை இல்லை. இடைநிலைப் பொருளுக்கு 10 விழுக்காடு. உருவான பொருளுக்கு 25 விழுக்காடு. நைரோபியில் செய்த பொருள் கம்பாலாவில் விற்க வேண்டும், உகாண்டாவின் சர்க்கரை தான்சானியாவிற்குப் போக வேண்டும், சிறு சந்தைகள் இணைந்து ஒரு பெருஞ்சந்தையாகித் தொழில் வளர வேண்டும் என்பதே கனவு. ருவாண்டாவும் புருண்டியும் பின்னர்ச் சேர்ந்தன.

இந்த ஐந்தில் நான்கு நாடுகள் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் உள்ளவை. கென்யா ஒன்றே அப்பட்டியலுக்கு வெளியே நின்றது. எனவே, ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு நாடுகளின் பொருள் தீர்வையின்றி ஐரோப்பா செல்லும். ஒப்பந்தம் இல்லையேல் கென்யாவின் பொருளுக்குத் தீர்வை உண்டு. வறுமையில் ஒரு படி ஏறியதற்குத் தண்டனை!

ஐரோப்பா 2014 அக்டோபர் முதல் நாளைக் கெடுவாக வைத்தது. பேச்சு முடியவில்லை. குறித்த நாளில் கென்யாவின் மலரும் காய்கறியும் ஐரோப்பாவின் வாயிலில் தீர்வை கட்ட நேர்ந்தது. நைவாஷா ஏரிக்கரைத் தோட்டங்களில் ரோசா பறித்துக் கட்டும் பெண் தொழிலாளரின் கூலி, அந்தத் தீர்வையோடு கட்டப்பட்டிருந்தது. தோட்ட முதலாளிகள் அலறினர்; அரசு அதிர்ந்தது. இரண்டே வாரங்களில், அக்டோபர் நடுவில், ஐந்து நாடுகளின் பெயரால் ஒப்பந்த வாசகம் ஏற்கப்பட்டது. டிசம்பர் இறுதியில் கென்யாவிற்குச் சலுகை திரும்பிற்று. இதனைப் 'பேச்சுவார்த்தை' என்று ஏட்டில் எழுதுவர். கழுத்தில் கை வைத்துக் கேட்ட சம்மதம் என்பதே பொருந்தும்.

2016 செப்டம்பரில் கென்யாவும் ருவாண்டாவும் பிரஸ்ஸல்சில் கையெழுத்திட்டன. தான்சானியா மறுத்தது. "இந்த ஒப்பந்தம் எங்கள் தொழில் வளர்ச்சிக்குத் தடை" என்பது அதன் வாதம்; முன்னாள் அதிபர் பெஞ்சமின் ம்காப்பா இதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில் தான்சானியப் பாராளுமன்றமே விவாதித்து, ஒப்பந்தம் வேண்டா என்றது. உகாண்டாவும் புருண்டியும் கையெழுத்திடவில்லை. ஐவர் ஒரு குரலில் பேச வேண்டிய இடத்தில் இருவர் ஒருபுறம், மூவர் மறுபுறம்.

ஐந்தாண்டு இழுபறிக்குப் பின், 2021 பிப்ரவரியில், "இயன்ற நாடு முன்னே செல்லலாம்" என்று கூட்டமைப்பின் தலைவர்கள் இசைவு தந்தனர். 2023 டிசம்பரில் கென்யா தனித்துக் கையெழுத்திட்டது. 2024 சூலை முதல் நாள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பொது வெளித்தீர்வை என்பது ஒரு வேலி. ஒரு பக்கத்து வேலியில் வாசல் வெட்டிய பின், தோட்டம் முழுவதும் காவலற்றதாகிறது. கென்யாவிற்குக் குறைந்த தீர்வையில் வரும் ஐரோப்பியச் சரக்கு அண்டை நாட்டிற்குள் புகாமல் தடுக்க, களைந்தெறிந்த எல்லைச் சோதனையை மறுபடியும் கொணர வேண்டும். கூடி வாழக் கட்டிய சந்தையைக் கூறு போட ஒரு கையெழுத்துப் போதுமானதாயிற்று!

கென்யாவைத் துரோகி என்று பழிப்பவரும் உண்டு. நான் பழிக்க மாட்டேன். தான்சானியாவின் மறுப்பு மெச்சத்தக்கது. ஆனால் மறுத்ததனால் அதன் பொருளுக்கு ஐரோப்பாவில் தீர்வை விழவில்லை. கென்யா மறுத்திருந்தால் அதன் தோட்டத் தொழிலாளி வேலை இழந்திருப்பார். ஒரே செயலுக்கு ஒருவர் விலை கொடுக்க, மற்றவர் கொடாமலே தப்ப, இவ்விதம் ஏற்பாடு செய்தவர் எவரோ, அவரிடமே பழி சேர்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதை: 2016 இல் ஐவரி கோஸ்டும் கானாவும் தனித்தனி ஒப்பந்தத்திற்குள் போயின, நைஜீரியா மறுத்து நின்றது, அங்கும் ஒரு பொதுச் சந்தை பிளவுண்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் பழமொழி. இங்கே கூத்தாடியே ஊரை இரண்டுபடுத்தும் கலையைக் கற்றிருக்கிறான்!

வாசகத்தின் உள்ளே

ஐந்து நாடுகளின் பெயரால் 2014 இல் எழுதிய அந்த வாசகத்தில் இருந்ததென்ன? ஐரோப்பாவிலிருந்து வரும் இறக்குமதியில், மதிப்பின்படி 82.6 விழுக்காட்டிற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் தீர்வையை நீக்க வேண்டும். உழவிற்கும் சில தொழிற்பொருளுக்கும் விலக்கு உண்டு; உண்மை. ஆனால் இன்று அந்நாட்டில் இல்லாத தொழில் நாளை பிறக்க வேண்டுமானால், அதற்குக் காப்பு எங்கிருந்து வரும்? பிறவாத பிள்ளைக்கு விலக்குப் பட்டியலில் இடமில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் ஜெர்மனியும் தீர்வைச் சுவரின் நிழலில் வளர்ந்தவை என்பது வரலாறு.

இரண்டாவது, ஏற்றுமதித் தீர்வைக்குக் கட்டுப்பாடு. பதனிடாத தோலுக்கு ஏற்றுமதித் தீர்வை விதித்தால், தோல் உள்நாட்டிலேயே பதனிடப்பட்டுச் செருப்பாகும். வேலை உள்நாட்டில் நிற்கும். அந்தக் கருவியைப் புதிதாக எடுக்க வேண்டுமெனில், குறிப்பிட்ட காரணங்களைக் காட்டியே எடுக்க வேண்டும் என்றது வாசகம்.

மூன்றாவது, நம்மையும் தொடுவது. கிழக்கு ஆப்பிரிக்கா வேறு ஒரு பெரிய வாணிப நாட்டிற்கு மேலான சலுகை அளித்தால், அதையே ஐரோப்பாவிற்கும் அளிக்க வேண்டும்! பெரிய வாணிப நாடு எது? உலக ஏற்றுமதியில் நூற்றில் ஒரு பங்கிற்கு மேல் கொண்ட நாடு. அந்த வரையறைக்குள் சீனா, இந்தியா, பிரேசில் ஆகியவை அகப்படும். வளரும் நாடுகள் தமக்குள் சலுகை தந்துகொள்ளலாம் என்று 1979 இல் வென்றெடுத்த உரிமையின் வேரில், ஓர் இருதரப்பு ஒப்பந்தத்தின் ஓரத்து விதி வெந்நீர் ஊற்றுகிறது. இத்தகைய விதியை 2008 இலேயே பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் கண்டித்தது.

பழந்துணியின் அரசியல்

ஐரோப்பா ஒப்பந்தத்தால் செய்ததை, அமெரிக்கா ஒப்பந்தமே இல்லாமல் செய்து காட்டிற்று. மேலை நாட்டார் உடுத்திக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாகக் கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தைக்கு வருகின்றன. சுவாகிலி மொழியில் அதற்கு 'மிடும்பா' என்று பெயர். ஏழைக்கு மலிவான ஆடை, பலருக்குப் பிழைப்பு, அதே வேளையில், உள்ளூர்த் துணித் தொழில் தலை தூக்க முடியாத பாரம். 2016 இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி, இந்த இறக்குமதியைப் படிப்படியாக ஒழிப்போம் என்று தீர்மானித்தனர். ருவாண்டா தீர்வையைக் கிலோவிற்கு 20 சென்டிலிருந்து இரண்டரை டாலராக உயர்த்தியது.

அமெரிக்காவில் பழந்துணி வணிகர் சங்கம் 2017 இல் தன் அரசிடம் முறையிட்டது. நாற்பதாயிரம் அமெரிக்கரின் வேலைக்கு ஆபத்து என்றது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றின் பொருளுக்குத் தீர்வையற்ற நுழைவு தரும் அமெரிக்கச் சட்டம் ஒன்று 2000 ஆம் ஆண்டிலிருந்து உண்டு. "எம் பழந்துணியைத் தடுத்தால், உம் புதுத்துணிக்கு அச்சலுகை இல்லை" என்று எச்சரிக்கை பறந்தது. அமெரிக்காவிற்கு ஆடை தைத்து அனுப்பும் ஆலைகளை உடைய கென்யா முதலில் பின்வாங்கியது. தான்சானியாவும் உகாண்டாவும் தொடர்ந்தன. ருவாண்டா ஒன்றே உறுதியாய் நின்றது. 2018 சூலை 30 ஆம் நாள் அதன் ஆடைகளுக்கான சலுகை நிறுத்தப்பட்டது.

கொடுத்தவன் நினைத்தால் எடுக்கலாம் என்பதே ஒருவழிச் சலுகையின் குறை. 2025 செப்டம்பர் 30 ஆம் நாள் அச்சட்டத்தின் காலக்கெடுவே முடிந்தபோது, ஆப்பிரிக்க ஆலைத் தொழிலாளரின் சோறு வாஷிங்டன் உறுப்பினர்களின் வாக்கைப் பார்த்து நின்றது. இதைக் காட்டி, "நிலையான ஒப்பந்தமே மேல்" என்பர் சிலர். ஒரு பக்கம் எடுத்துவிடக் கூடிய பிச்சை. மறுபக்கம் மீள முடியாத அடமானம். இவ்விரண்டன்றி மூன்றாவது வழியே இல்லையா? உண்டு. எண்ணிக்கையே ஏழையின் படை என்பதை உணர்ந்த நாளில் அவ்வழி திறந்தது.

ஒன்றுபட்ட நாட்களில்

1995 இல் பிறந்த உலக வர்த்தக அமைப்பு, மருந்துக் காப்புரிமையை உலகச் சட்டமாக்கிற்று. எயிட்ஸ் நோய் ஆப்பிரிக்காவைச் சூறையாடிய அந்நாட்களில், ஓர் ஆண்டு மருந்தின் விலை ஒரு நோயாளிக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். மலிவான மருந்திற்கு வழிசெய்த தென்னாப்பிரிக்க அரசின் மீது 39 மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், அதே மருந்துக் கூட்டை ஆண்டிற்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. உலகம் விழித்தது, ஏப்ரலில் வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்த நவம்பரில் தோகா மாநாட்டில் ஆப்பிரிக்க நாடுகளும் இந்தியாவும் பிரேசிலும் ஓரணியில் நின்றன. மக்களின் உடல்நலம் காக்க அரசுகள் எடுக்கும் நடவடிக்கையைக் காப்புரிமை விதி தடுக்காது என்ற அறிவிப்பைப் பெற்றன.

2003 செப்டம்பரில் மெக்சிகோவின் கான்குன் நகரில் அடுத்த மாநாடு. உழவு மானியம் பற்றி அமெரிக்காவும் ஐரோப்பாவும் தமக்குள் எழுதி வந்த திட்டத்தை இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, சீனா உள்ளிட்ட அணி எதிர்த்தது. பெனின், புர்க்கினா பாசோ, சாட், மாலி என்னும் நான்கு ஏழை நாடுகள், "அமெரிக்க மானியத்தால் எம் பருத்தி உழவர் அழிகின்றனர்" என்று அவையில் நியாயம் கேட்டன. மாநாடு முறிந்தது. முறிந்தது தோல்வி என்றனர் செல்வ நாட்டு ஏடுகள். தீங்கான உடன்பாட்டை விட முறிவே மேல் என்பதை ஏழை நாடுகள் அன்று கற்றன. செல்வ நாடுகள் ஏற்றுமதி மானியத்தை நீக்க வேண்டும் என்ற முடிவு, பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின், 2015 டிசம்பரில் நைரோபியில் எடுக்கப்பட்டது. ஆம், அதே கென்யாவின் தலைநகரில்! தனித்து நின்று அழுத்தத்திற்கு இணங்கிய நாட்டின் மண்ணிலேயே, கூடி நின்றோர் ஒரு வெற்றி கண்டனர்.

தோகாவில் எண்ணிக்கையால் வென்ற உரிமைகளை இருநாட்டு ஒப்பந்தங்களால் குறுக்கும் போக்கோ தோகாவிற்கு முன்பே தொடங்கியிருந்தது. 2000 இல் அமெரிக்காவோடு ஜோர்டான் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மருந்துச் சோதனைத் தகவலுக்கும் தனியுரிமை இடம் பெற்றது. பின்னர் வந்த பல ஒப்பந்தங்களும் அவ்வழியே சென்றன. பெரிய அவையில் கிடைக்காததைச் சிறிய அறையில் பெறுவதே அந்த உத்தி.

பெரிய அவைக்கும் இன்று நோய் பிடித்திருக்கிறது. நடுவர்களை நியமிக்க அமெரிக்கா இசையாமையால், 2019 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் செயலிழந்தது. 2025 இல் அமெரிக்கா, எல்லோர்க்கும் ஒரே தீர்வை என்ற அடிப்படை விதியை உதறிவிட்டு, நாட்டிற்கு ஒரு விகிதமாகத் தீர்வை அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு விதித்த 50 விழுக்காட்டுத் தீர்வை, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை எவ்வாறு உலுக்கிற்று என்பதை நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விதி இருந்தபோது அதைக் குறை கூறினோம். விதி போனபோது அது நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அறிந்தோம்.

தம் கையாலே தம் கண்ணை

குற்றம் முழுவதையும் அயலார் தலையில் சுமத்தினால் உண்மைக்கு மாறாகும். 2019 பிப்ரவரியில் ருவாண்டா, உகாண்டாவுடனான முதன்மை எல்லை வாயிலை மூடிற்று. மூன்றாண்டுக் காலம் வணிகம் தவித்தது. 2021 மார்ச்சில், பூஞ்சை நச்சைக் காரணம் காட்டி, கென்யா தன் இரு அண்டை நாடுகளின் சோளத்திற்குத் தடை விதித்தது. இவற்றிற்குப் பிரஸ்ஸல்சும் வாஷிங்டனும் பொறுப்பல்ல. தீர்வைச் சுவருக்குள் திறமையற்ற ஆலையை வளர்த்து, மக்களிடம் கூடுதல் விலை பறிக்கும் உள்நாட்டு முதலாளியும் உண்டு. அவனுக்காகக் காப்புக் கேட்பது நம் வேலையன்று. காப்பு என்பது தொழிலுக்கு, அதுவும் ஒரு காலவரையறைக்கு.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. கூட்டமைப்பு இன்று எட்டு நாடுகளாக விரிந்துள்ளது. 2022 இல் உள்நாட்டில் போதிய அளவு உருவாகும் பொருள்களுக்கு வெளித்தீர்வையை 35 விழுக்காடாக உயர்த்தியது. 2018 இல் கிகாலி நகரில் எழுதப்பட்ட ஆப்பிரிக்கக் கண்டத் தடையிலா வாணிப ஒப்பந்தத்தில் 54 நாடுகள் ஒப்பமிட்டுள்ளன. எளியோர் கூடும் ஒப்பந்தத்திற்கு இது சான்று. ஒவ்வொரு நாடும் வெளியே தனித்தனிப் பேரம் பேசினால் இதுவும் ஓட்டைப் பானையாகும்; கூடிப் பேசினால் கோட்டையாகும்.

நாம் கேட்க வேண்டியவை

இந்தியாவிற்கு இதனின்று பாடம் உண்டா? உண்டு. 2019 நவம்பர் 4 ஆம் நாள் பாங்காக்கில், ஆசிய-பசிபிக் நாடுகளின் பெரும் வட்டார ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகிற்று. பால் உற்பத்தியாளரும் சிறுதொழில் செய்வோரும் எழுப்பிய குரலும் அதற்கு ஒரு காரணம். மக்கள் பேசினால் மாளிகை கேட்கும் என்பதற்கு அது சான்று. ஆயின், அவர்கள் பேசியது செய்தித்தாள் வாயிலாகவும் தெருவிலுமே. பாராளுமன்றத்தில் அந்த வாசகத்தின் மீது வாக்கெடுப்பு நடக்கவில்லை. நம் அரசியல் சட்டப்படி, அயல்நாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மத்திய அமைச்சரவைக்குப் பாராளுமன்றத்தின் முன் இசைவு தேவையில்லை. உழவு மாநிலப் பட்டியலில் உள்ளது. உழவரின் தலைவிதியை எழுதும் ஒப்பந்தத்தில் மாநிலத்திற்கு ஒரு சொல்லும் இல்லை! தான்சானியப் பாராளுமன்றத்திற்கு வாய்த்த வாய்ப்பு நம் மன்றத்திற்கு ஏன் வாய்க்கக் கூடாது?

எனவே நம் மேடைகளில் மூன்று கோரிக்கைகள் ஒலிக்க வேண்டும். முதலாவது, எந்த வாணிப ஒப்பந்தமும் கையெழுத்தாகுமுன் அதன் முழு வாசகமும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். தொடர்புடைய மாநிலங்களின் கருத்துக் கேட்கப்பட வேண்டும். இரண்டாவது, மலிவு மருந்து செய்யும் உரிமை, நெல் கொள்முதல் செய்து பங்கீடு வழங்கும் உரிமை ஆகிய இரண்டையும் உலக அவையில் பிற வளரும் நாடுகளோடு சேர்ந்து காத்து வருகிறோம். அவற்றை எந்த இருநாட்டு ஒப்பந்தத்தின் ஓரத்து விதியிலும் இழக்கக் கூடாது.

மூன்றாவது நம் மனச்சாட்சியைத் தொடுவது. அண்டை நாடுகளிடையே நாமே பெரிய நாடு. 1998 இல் இலங்கையோடு தடையிலா வாணிப ஒப்பந்தம் எழுதியபோது, அவர்தம் தேயிலைக்கு ஆண்டிற்கு ஒன்றரைக் கோடிக் கிலோ என்று வரம்பிட்டோம்; ஆடைக்கு எண்பது லட்சம் உருப்படி என்றும், அதில் அறுபது லட்சம் இந்தியத் துணியால் தைத்ததாக இருக்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகவே வர வேண்டும் என்றும் விதித்தோம். நீலகிரித் தேயிலை உழவரைக் காப்பது நம் கடமைதான். ஆனால் வலியவன் நமக்குச் செய்வதை எளியவனுக்கு நாம் செய்துவிட்டு, ஜெனீவாவில் நியாயம் பேச முடியாது. ஆப்பிரிக்காவும் தெற்கு ஆசியாவும் நம்மை நம்பி அணிவகுக்க வேண்டுமெனில், நம் வாசலில் அந்த நியாயம் முதலில் நடக்க வேண்டும்.

தோழர்களே! அட்டவணைகளைக் கண்டு அஞ்ச வேண்டா. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் இரண்டே கேள்விகளால் உரசிப் பாருங்கள். இது எளியோரைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா? நாளை பிறக்க வேண்டிய தொழிலுக்கு இடம் வைக்கிறதா, வாசலை அடைக்கிறதா? விடை கிடைத்துவிட்டால், மற்றவை எழுத்தர் வேலை. அந்தக் கேள்விகளை ஊர்தோறும் எழுப்புவதே நம் வேலை.